நாணயமும் நாணயத்தாளும்

மனிதர் தம் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வழிகள் பல. ஒருவர் வீட்டு முற்றத்திலே குரோட்டன் செடிகளை வளர்த்து மகிழ்வார்; இன்னொருவர் முத்திரை சேர்ப்பார்; வேறொருவர் பழைய இசைத்தட்டுகளைத் தேடி ஊரூராக அலைவார். இவர்களையெல்லாம் உலகம் பொறுத்துக்கொள்கிறது. ஆனால், அயல்நாடொன்றிலே என்றோ செல்லாமற்போன காசுத் தாள்களை ஒருவன் கைப்பணம் கொடுத்து வாங்குகிறான் என்றால், அவனைப் பற்றி உலகம் யாது கூறும்? "நல்ல காசைக் கொடுத்துச் செல்லாக் காசை வாங்குகிற ஒரே மனிசன் எங்கட வீட்டிலைதான் இருக்கிறார்" என்று என் மனைவி விருந்தினரிடம் கூறுவதுண்டு. அவர்கள் நகைப்பார்கள், நானும் சேர்ந்து நகைப்பேன். அவ்வேளைகளில் நான் சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகின்றேன்.

நான் சேர்ப்பவை சீன தேசத்தின் பழைய நாணயத்தாள்கள். இப்பழக்கம் ஒரு விசுக்கோத்துத் தகரத்திலிருந்து தொடங்கியது. என் தாயாரின் தந்தையார் மலாயாவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, 1957ஆம் ஆண்டில் இளைப்பாறி ஊர் திரும்பியவர். அவரை நாங்கள் அப்பு என்று அழைப்போம். அவர் கொண்டுவந்த பொருள்களுள் அத்தகரமும் ஒன்று. அதனுள்ளே ஒரு சிறு கணக்குக் கொப்பியும், மடித்து வைத்த கடதாசித் தாள் ஒன்றும் இருந்தன. எமது ரூபாத் தாள்போல அது கிடையாக அச்சிடப்பட்டதன்று. நெடிது நிற்கும் வடிவினது. மேலே ஒரு பெரியவரின் உருவம். கீழே எனக்கு விளங்காத எழுத்துகள். "அப்பு, இது எந்த ஊர்க் காசு?" என்று சிறுவனாகிய நான் கேட்டபொழுது, "உது சீனாக் காசு, தம்பி. இப்ப செல்லாது. ஆனால் எறிஞ்சுபோடாதை" என்றார். அது அவர் கைக்கு வந்த வரலாற்றையும் ஒருநாள் மாலையிலே சொன்னார். அதனைப் பின்னர் கூறுவேன். ஏனெனில், அத்தாளின் பொருள் விளங்கினாலன்றி அவ்வரலாற்றின் கனம் விளங்காது. எனக்கே அது விளங்குவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன.

அப்பு 1993இல் காலமானார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபொழுது, எங்கள் வீட்டுப் புத்தகங்கள் யாவும் அங்கேயே கிடந்தன. காணி உறுதிகளை வைத்திருந்த தகரம் என்று எண்ணி, இருட்டிலே என் தாயார் தூக்கிவந்தது இந்த விசுக்கோத்துத் தகரத்தையே. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை விறாந்தையில் அதனைத் திறந்து பார்த்தபொழுது, அவர் தலையிற் கைவைத்து அமர்ந்தது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. உறுதிகள் போயின, செல்லாத சீனக் காசு தப்பியது.

பல்கலைக்கழகத்திற் படித்த காலத்திலேதான் அத்தாளை வாசிக்க முற்பட்டேன். சீன மொழி முழுவதையும் கற்க எனக்கு ஆற்றல் இல்லை. ஆயினும் காசுத் தாளை வாசிப்பதற்கு ஐம்பது அறுபது எழுத்துகளே போதும். அக்காலத் தாள்களிலே கிடைவரிகள் வலமிருந்து இடமாகச் செல்லும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடுத்தது எண்கள். சீனர் ஒன்று என்பதை ஒரு கிடைக்கோட்டினால் எழுதுவர். அதன்மேல் ஒரு நெடுங்கோட்டை இழுத்தாற் பத்தாகிவிடும். இது வஞ்சகர்க்கு எத்துணை வசதி! ஆதலினால், காசுத் தாளிலும் கடன் பத்திரத்திலும் எளிதில் மாற்றவொண்ணாத, கோடுகள் நிறைந்த வேறு எண்ணுருக்களையே அவர்கள் கையாள்வர். மூன்றாவது ஆண்டு. குடியரசுக் காலத்துத் தாள்களில் ஆண்டானது 1912ஆம் ஆண்டை முதலாவதாகக் கொண்டு எண்ணப்பட்டிருக்கும். தாளிற் காணும் எண்ணோடு 1911ஐக் கூட்டினால் எமது கணக்கு வரும். என் தாளிற் காணப்பட்டது 19, எனவே 1930. உருவத்திலிருந்த பெரியவர் சீனக் குடியரசின் தந்தை எனப்படும் சன் யாட் சென். தாளின் பெறுமதி 100 சுங்கப் பொன் அலகு. வழங்கியது சீன மத்திய வங்கி. அச்சிட்டது நியூயோர்க் நகரத்து அமெரிக்கன் பாங்க் நோட் கம்பனி.

சுங்கப் பொன் அலகு என்பது யாது? இவ்வொரு கேள்வியே என்னைப் பல நூல்களுக்கு இட்டுச்சென்றது. நூல்கள் வேறு தாள்களுக்கு இட்டுச்சென்றன. சேகரிப்போர் பலரின் கதை இதுவே.

காசுத் தாளுக்குத் தாயகம் சீனாவே. சொங் அரசர் காலத்திலே சிச்சுவான் மாகாணத்தில் இரும்புக் காசுகள் வழங்கின. சிறு பண்டம் ஒன்றை வாங்குவதற்கும் பெருஞ் சுமையைத் தூக்கவேண்டியிருந்தது. ஆகவே மக்கள் காசைச் செட்டிமாரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக ஒரு சீட்டைப் பெற்றனர். செங்டு நகரத்தில் 16 செல்வக் குடும்பத்தினர் இணைந்து இச்சீட்டுகளை வழங்கியதாக வரலாறு கூறுகின்றது. பின்னர் கேட்டவர்க்குக் காசு கொடுக்க அவர்களால் இயலாமற்போக, 1023ஆம் ஆண்டில் அரசாங்கம் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவி, மறு ஆண்டு முதல் தானே தாள்களை வெளியிட்டது. அரசாங்கம் ஒன்று காசுத் தாள் வெளியிட்டதற்கு உலகில் இதுவே முதற் சான்றென்பர். வாக்குத் தவறியதும் அத்தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மொங்கோலியப் பேரரசன் குப்ளாய்கான் 1260இல் தாட்காசை நாடெங்கும் வழங்கச் செய்தான். முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையிலிருந்து பணம் செய்யப்படுவதைக் கண்டு மார்க்கோ போலோ வியந்து எழுதியதைப் பலரும் அறிவர். பின்னர் மிங் வமிசத்து முதல் அரசர் 1375இல் ஒரு தாளை வெளியிட்டார். உலகில் வழங்கிய காசுத் தாள்களுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 34 சதமமீற்றர் நீளமும் 22 சதமமீற்றர் அகலமும் கொண்டது. எழுத்தறியாதோரும் அறியும்பொருட்டுக் காசு கோத்த சரங்களின் படம் நடுவிலே பொறிக்கப்பட்டிருக்கும். கள்ளத்தாள் செய்வோன் தலை வெட்டப்படும் என்றும், அவனைக் காட்டிக் கொடுப்போனுக்கு 250 லியாங் வெள்ளியும் குற்றவாளியின் சொத்தும் பரிசாகும் என்றும் அத்தாளிலேயே எழுதியிருக்கும்.

எமது தீவுக்கும் இத்தாளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1911ஆம் ஆண்டிற் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டிருக்கும் மும்மொழிக் கல்வெட்டை மாணவர் பலர் கண்டிருப்பர். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளிற் பொறிக்கப்பட்ட அக்கல், 1409ஆம் ஆண்டுத் திகதியுடையது. தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு வந்தது. அதன் தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலிலே எழுந்தருளிய நாயனாருக்குச் சீனப் பேரரசர் காணிக்கை அளித்ததைக் கூறும். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் விரிகின்றன. அப்பேரரசர் தம் குடிகளுக்குக் கொடுத்தது கடதாசி. கடல்கடந்து எமது தெய்வத்துக்கு அனுப்பியது பொன்னும் வெள்ளியும். அரசனுடைய வாக்கு அவன் ஆணை செல்லும் எல்லைவரையுமே காசாகும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ? அந்த எல்லைக்குள்ளும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. தாளைக் கொடுத்துக் காசு பெறும் வழி இல்லாமையாலும், அளவின்றி அச்சிட்டமையாலும், நூறாண்டு நிறைவதற்குள் மிங் தாள் மதிப்பிழந்துபோயிற்று.

அதன்பின் சீன அரசர் நெடுங்காலம் தாட்காசை நம்பவில்லை. தைப்பிங் கிளர்ச்சியினால் திறைசேரி வறண்டபொழுதே, 1853இல், சிங் வமிசத்துச் சியென்பெங் பேரரசர் மீண்டும் தாள்களை வெளியிட்டார். நாகங்கள் சூழ்ந்த நீலநிறச் சட்டமும், மேலே சிவந்த பெரிய முத்திரைகளும் கொண்ட அழகிய தாள்கள் அவை. "வானின்கீழ் எங்கும் செல்லும்" என்னும் பொருளுடைய நான்கு எழுத்துகள் அவற்றின் ஓரத்திலே காணப்படும். பத்தாண்டுகளுக்குள் அவை எங்கும் செல்லாதனவாயின.

அந்நூற்றாண்டிலே அந்நிய வங்கிகளும் சீனக் கரையிலே தாள்களை வெளியிட்டன. 1840களில் ஹொங்கொங்கில் முதன்முதலாக நாணயத்தாள் வெளியிட்ட ஒறியன்டல் வங்கி, இலங்கையிலும் தாள் வெளியிட்ட வங்கியாகும். 1884இல் அது முறிந்தபொழுது, தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அதன் இலங்கைத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். ஒருவர் வாக்குத் தவறியவிடத்து இன்னொருவர் அவ்வாக்கைத் தாங்கிய நிகழ்ச்சிகள் இத்துறையில் மிகச் சிலவே; ஆதலின் இதனைக் குறிப்பிட்டேன்.

இனி அப்புவின் தாளுக்கு வருவோம். 1934இல் ஐக்கிய அமெரிக்க நாடு வெள்ளியை உயர்ந்த விலைக்கு வாங்கச் சட்டம் இயற்றியது. சீனாவின் நாணயம் வெள்ளி; அது கப்பல் கப்பலாக வெளியேறியது. எனவே 1935 நவெம்பரிலே சீன அரசாங்கம் வெள்ளியைக் கைவிட்டு, பாபி எனப்படும் தாட்காசையே சட்டபூர்வமான நாணயமாக்கியது. ஈராண்டு செல்வதற்குள் யப்பானியப் படையெடுப்பு நேர்ந்தது. வரி வரும் கடற்கரை நகரங்கள் பகைவர் வசமாக, போர்ச் செலவுக்கு அச்சகமே திறைசேரியாயிற்று. சுங்கவரி செலுத்துவதற்கென 1930இல் அமைக்கப்பட்ட சுங்கப் பொன் அலகு, 1942இல் நாடெங்கும் வழங்கும் காசாகத் திறந்துவிடப்பட்டது. தாளிற் பொறித்த ஆண்டைக் கண்டு புதிய சேகரிப்பாளர் மயங்குதல் கூடாது. 1930 என்பது அவ்வலகு பிறந்த ஆண்டேயன்றித் தாள் கைமாறிய ஆண்டன்று.

ஒரு நாள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 1942இல் ஒரு சுங்கப் பொன் அலகுக்கு 20 பாபி. உத்தியோக விகிதப்படி அது ஓர் அமெரிக்க டொலர். ஆகவே அப்புவின் தாள் 100 டொலர். 1946 மார்ச்சில் ஒரு டொலருக்கு 2,020 பாபி என விதிக்கப்பட்டது. அதே தாள் ஏறத்தாழ ஒரு டொலர். 1948 ஓகத்து 19ஆந் திகதி தங்க யுவான் என்னும் புதிய காசு வந்தது. 30 இலட்சம் பாபிக்கு ஒரு தங்க யுவான், நான்கு தங்க யுவானுக்கு ஒரு டொலர். அக்கணக்கின்படி அப்புவின் தாளைப்போல 1,500 தாள்கள் சேர்ந்தால் ஒரு தங்க யுவான். 6,000 தாள்கள் சேர்ந்தால் ஒரு டொலர்! ஆறே ஆண்டுகளில் ஒரு தேசத்தின் வாக்குக்கு நேர்ந்த கதி இது.

தங்க யுவானின் கதியும் வேறன்று. மக்கள் தம்மிடமுள்ள பொன்னையும் வெள்ளியையும் அந்நியக் காசையும் ஒப்படைத்துப் புதிய தாளைப் பெறவேண்டும் என்று சட்டம் ஆணையிட்டது. 200 கோடிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அரசாங்கம் உறுதி கூறியது. மூன்று மாதத்துள் அவ்வுறுதி அகன்றது. அவ்வாண்டு திசெம்பரிலே சாங்காய் நகரத்து வங்கி வாயிலில் பொன் பெற நெருங்கிய மக்கள் கூட்டத்தைக் கார்டியே பிரசோன் எடுத்த புகைப்படத்தில் இன்றும் காணலாம். 1949 யூலையில் ஒரு வெள்ளி யுவானுக்கு 50 கோடி தங்க யுவான் என அரசே கணக்கிட்டது. அவ்வாண்டிற் சிங்கியாங் மாகாண வங்கி 600 கோடி யுவான் தாள் ஒன்றை வெளியிட்டது. அது 10,000 தங்க யுவானுக்கு ஈடு என்று அத்தாளிலேயே எழுதியிருந்தது. சட்டத்தை மீறிப் பொன்னை ஒளித்தவன் பிழைத்தான். சட்டத்துக்கு அடங்கிப் பொன்னைக் கொடுத்தவன் கெட்டான். நூலிலே இதனைப் படித்த அன்று நான் நெடுநேரம் உறங்கவில்லை.

சேகரிப்பிலே நான் ஏமாந்த கதையையும் மறைத்தல் நேர்மையன்று. ஒரு வியாபாரி மிங் தாள் ஒன்று இருப்பதாகச் சொன்னார். என் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றே குறைந்த விலை. மங்கிய சாம்பல் நிறம், சிதைந்த ஓரம், மடிப்புத் தழும்புகள், யாவும் பொருத்தமாக இருந்தன. வாங்கி வந்து பத்து நாட்கள் ஆனந்தத்தில் மிதந்தேன். பதினோராம் நாள் அளவுகோலை எடுத்தேன். நீளம் 20 சதமமீற்றர்! வங்கியிலே பணிபுரியும் நண்பர், தாள் சோதிக்கும் ஊதாக் கதிர் விளக்கின்கீழ் அதனைப் பிடித்தார். வெண்மையூட்டும் மருந்து சேர்ந்த இக்காலக் கடதாசி, நீல ஒளி வீசி என்னைப் பார்த்து நகைத்தது. தேயிலைச் சாயமே அதன் முதுமை. கள்ளத்தாள் செய்வோன் தலை வெட்டப்படும் என்ற வாசகத்தையும் அக்கள்வன் பிழையின்றி அச்சிட்டிருந்ததுதான் விந்தை. காட்டிக் கொடுப்போனுக்குரிய 250 லியாங் வெள்ளியைக் கேட்க எனக்குப் பேரரசர் இல்லை. மனைவிக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாரம் பிடித்தது.

இத்துறையில் இறங்க விரும்பும் மாணவருக்கு அவ்வனுபவத்தால் நான் கற்றவற்றைக் கூறுகின்றேன். விலையுயர்ந்த தாளிலிருந்து தொடங்கவேண்டாம். சுங்கப் பொன் அலகு, 1953ஆம் ஆண்டுத் திகதியிட்ட பென் சிறுதாள்கள் ஆகியன ஏராளமாக அச்சிடப்பட்டமையால் இன்றும் மலிவாகவே கிடைக்கும். அப்பென் தாள்களிலே ஒன்றிற் பாரவண்டியும், இரண்டில் ஆகாயவிமானமும், ஐந்திற் கப்பலும் காணப்படும். சிறுவர்க்கு இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை. வாங்குமுன் அளவைச் சரிபாருங்கள். செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட பழைய தாளிலே மையின் மேடு விரலுக்குத் தட்டுப்படும். படியெடுத்த தாள் மழமழவென்றிருக்கும். தாளைக் கழுவுதலும், பெட்டி போட்டு அழுத்துதலும், ஒட்டுத்தாளால் ஒட்டுதலும் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். மலிவான நெகிழிப் பைகள் காலப்போக்கிற் கசிந்து மையைக் கெடுக்கும். பொலியெஸ்ரர் உறையே நன்று. எமது நாட்டிலோ மாரிக்கால ஈரமும் கறையானும் எந்தக் கள்வனிலும் கொடியவை.

நான் பெருமையோடு வைத்திருந்த தாள் ஒன்றே ஒன்று. சம்பள நிலுவை கிடைத்த ஆண்டிலே, சிங்கப்பூரிலுள்ள உறவினர் வாயிலாக வாங்கிய சியென்பெங் காலத்துத் தாள் அது. நீல நாகங்களும் சிவப்பு முத்திரையும் மங்காமல் இருந்தன. "வானின்கீழ் எங்கும் செல்லும்" என்னும் அந்நான்கு எழுத்துகளை மாணவர்க்குக் காட்டும்பொழுதெல்லாம் எனக்கு ஒரு கர்வம் உண்டாகும்.

பின்பு 2022ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. செப்தெம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 70 வீதத்தைத் தொட்டது. ஆசிரியையாக முப்பது ஆண்டு உழைத்து இளைப்பாறிய என் தாயார், தமது சேமிப்பை நிலையான வைப்பில் இட்டிருந்தார். வங்கிப் புத்தகத்திலே ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அப்பணம் வாங்கக்கூடிய மருந்து பாதியாகிவிட்டது. "நான் ஒரு சதமும் வீணாக்கேல்லையே, தம்பி, பின்னை எங்கை போச்சுது?" என்று அவர் கேட்டார். சீனத்தின் பணவீக்கம் பற்றி ஒரு மணி நேரம் விரிவுரை செய்யவல்ல எனக்கு, அக்கேள்விக்கு விடை வரவில்லை. எமது நிலையைச் சீனத்தின் 1948ஆம் ஆண்டோடு ஒப்பிடுதல் மிகையாகும். எமக்கு நேர்ந்தது அதன் ஒரு திவலையே. ஆயினும் அத்திவலையே ஒரு முதியவளின் நித்திரையைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. அவ்வாண்டு ஓகத்திலே நீல நாகத் தாளை விற்றேன். அவருடைய இருதய மருந்துக்கு ஆறு மாதம் அது போதியதாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செல்லாமற்போன தாள், எமது செல்லுந் தாளுக்குத் துணைசெய்தது. என் மனைவி அன்றுதொட்டு விருந்தினரிடம் அந்தப் பழைய வேடிக்கையைச் சொல்வதில்லை.

இப்பொழுது அப்புவின் வரலாற்றைக் கூறலாம். 1941 திசெம்பர் இறுதியில் யப்பானியர் ஈப்போ நகரைக் கைப்பற்றினர். அப்புவும் ஆச்சியும் இரண்டு குழந்தைகளும் அங்கேதான் இருந்தனர். யப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாளுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அயலிலே பலசரக்குக் கடை வைத்திருந்த சீனர் ஒருவர், மூன்றாண்டுகளுக்கு மேலாக அவர்களுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்தார். இருவரும் மலாய் மொழியிலேயே பேசிக்கொள்வர். சீனர் தம் புத்தகத்திலே கடனை வாழைமரத் தாள்கணக்கில் எழுதினார். அப்பு தம் கொப்பியிலே பணத்தை எழுதவில்லை. யாழ்ப்பாண வழக்கப்படி இத்தனை கொத்து அரிசி என்றே எழுதினார்.

1945 செப்தெம்பரிலே ஆங்கிலேயர் திரும்பி வந்தவுடன் வாழைமரத் தாள் செல்லாதென அறிவிக்கப்பட்டது. சீனரின் புத்தகத்திலிருந்த கடனும் அத்தோடு காற்றிற் பறந்தது. "கணக்கு முடிந்தது, யாருக்கும் நட்டம்தான்" என்று அவரே சொல்லிவிட்டார். அப்பு மறுநாள் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினார். தாள் செத்தது உண்மை. பிள்ளைகள் உண்ட அரிசி பொய்யாகுமா என்று கேட்டார். கொத்துக் கணக்குப்படி அரிசியின் அப்போதைய விலையைத் தவணை தவணையாகப் புதிய மலாயா டொலரிலே கொடுத்து, 1948 தொடக்கத்திற் கடனைத் தீர்த்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லோர் இருவரின் கதையாக மட்டும் இருந்திருக்கும். அச்சீனர் தமக்கு வந்த அத்தவணைப் பணத்தைத் தொடாமல், கடிதத்தோடு பணம் அனுப்பும் நிலையங்கள் வாயிலாகத் தெற்குச் சீனத்துக் கிராமத்திலுள்ள தமையனாருக்கு அனுப்பிவந்தார். பழைய வீட்டைத் திருத்த எண்ணம். தமையனார் படிப்பறியாத உழவர். அரசாங்க முத்திரை இட்ட தாள் என்று நம்பி, மரம் வாங்கும் காலம் வரும்வரை பெட்டியிலே பூட்டிவைத்தார். 1948இல் அப்பெட்டியைத் திறந்தபொழுது, அத்தாள்களைச் சந்தைக்குச் சுமந்து செல்லும் கூலிக்கும் அவை போதவில்லை. மறு ஆண்டு மலாயாவுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் சில தாள்களைக் கொடுத்து விட்டார். அவற்றுள் ஒன்றைச் சீனர் அப்புவிடம் கொடுத்தார்.

"இதுதான் நீ தந்த அரிசி" என்று அவர் சொன்னாராம். அப்பு பதறிப்போய், மீண்டும் தருவதாகக் கூறினார். சீனர் கையை அசைத்து மறுத்தார். "நீ தந்தாய், நான் பெற்றேன். அது முடிந்த கணக்கு. என் அண்ணனும் பிழை செய்யவில்லை. பிழை செய்தவன் இந்தத் தாளில் ஒப்பமிட்டவன்" என்றாராம்.

தமிழிலே நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இதனை வகுப்பிலே சொல்லிப் பல முறை கைதட்டல் வாங்கியிருக்கின்றேன். ஆனால் அச்சொல்லின் இரு பொருளும் பிரிந்துபோகும் காலம் உண்டு என்பதையும், அப்பொழுது வருந்துவோர் நம்பியிருந்த எளியோரே என்பதையும் அந்தத் தாளே எனக்குக் கற்பித்தது.

சென்ற தவணை உயர்தர வகுப்பு மாணவர்க்கு அதனைக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த ஒருவன், "சேர், இப்ப உதுக்கு என்ன பெறுமதி?" என்று கேட்டான். சேகரிப்போர் சில நூறு ரூபா கொடுப்பர் என்று உண்மையைச் சொன்னேன். அவன் முகம் வாடிற்று. அப்பொழுது தகரத்திலிருந்த கணக்குக் கொப்பியை எடுத்து அவன் கையிற் கொடுத்தேன். அரிசி 3 கொத்து, அரிசி 2 கொத்து என்று வரிவரியாக அப்புவின் கையெழுத்து. ஒவ்வொரு தவணைக்கும் பக்கத்திலே கடைக்காரரின் சிறு சிவப்பு முத்திரை. அம்முத்திரையில் இரண்டு எழுத்துகள். அப்புவுக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. நான் இத்தனை ஆண்டு சீனத் தாள்களோடு மாரடித்ததனால் எனக்குத் தெரியும். "பெற்று முடிந்தது" என்பது அவற்றின் பொருள்.